வெண்கலத் தேரும் வெற்றியாளர் ஏடும்

அந்நிய ஆட்சியை எதிர்த்து வாளேந்திய அரசியரைப் புகழ்ந்து எழுதுவது எளிது. அவர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைக் கூர்ந்து வாசிப்பதே கடினம். புகழுரையில் குரல் உயர்கிறது. வாசிப்பில் ஐயம் எழுகிறது. எழுதியவன் யார், எக்காலத்தில், எவர் நலன் கருதி எழுதினான் என்னும் வினாக்களை எழுப்பாத இலக்கிய விமர்சனம், வீரத்தின் பெயரால் ஆதிக்கத்திற்கே பணிபுரிந்துவிடக் கூடும். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று இங்கிலாந்தின் இலக்கியத்திலேயே உண்டு. அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமோ நம் மண்ணின் வேலு நாச்சியாரைப் பற்றியது.

கி.பி. 60 அல்லது 61ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஐசனி என்னும் கெல்ற்றிய இனத்தார் றோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் மன்னன் பிறசுற்றாகஸ் இறக்கும்போது, தன் நாட்டைத் தன் இரு புதல்வியருக்கும் பேரரசன் நீரோவுக்கும் கூட்டுரிமையாக எழுதிவைத்தான். பாதியைக் கொடுத்தால் மீதியைக் காக்கலாம் என்று அவன் எண்ணினான் போலும். பேரரசோ பாதியோடு நிற்கவில்லை. நாடு சூறையாடப்பட்டது. அரசி பூடிக்கா கசையால் அடிக்கப்பட்டாள். அவள் புதல்வியர் வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டனர். அயலில் வாழ்ந்த திரினொவாந்தர் என்னும் இனத்தாரின் நிலங்களைக் கமலொடுனத்தில் குடியேறிய ஓய்வுபெற்ற றோமப் படைவீரர் பறித்திருந்தனர். இரு இனத்தாரும் ஒன்றுசேர்ந்தனர். கமலொடுனம், லொண்டினியம், வெருலாமியம் என்னும் மூன்று நகர்களும் எரிந்தன. இறுதியில் ஆளுநன் சுவெற்றோனியஸ் பவுலினஸ் அவர்களை முறியடித்தான்.

இக்கிளர்ச்சியை ஓர் அரசியின் அவமானத்துக்கான பழிவாங்கலாக மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். காசியஸ் டியோ என்னும் வரலாற்றாசிரியன் தரும் செய்தியொன்று இவ்விடத்தில் கவனத்துக்குரியது. தத்துவஞானி எனப் போற்றப்படும் செனக்கா, பிரித்தானியருக்கு 4 கோடி செஸ்ரர்ஸ் பணத்தை வட்டிக்குக் கொடுத்திருந்து, அதனைத் திடீரென வன்மையுடன் திருப்பிக் கேட்டான் என்கிறான் டியோ. கசையடி தெரிந்த அளவுக்கு இக்கடன் நமக்குத் தெரிவதில்லை. கசையடி உருக்கமான காட்சி. வட்டிக் கணக்கோ காட்சியாவதில்லை. ஆயினும் பறிபோன நிலமும், திருப்பிக் கேட்கப்பட்ட கடனும், பேரரசன் கிளாடியசுக்கு எழுப்பிய கோயிலின் செலவுச் சுமையும் இல்லாமல் ஓர் இனம் முழுவதும் அரசியின் பின்னே திரண்டிராது.

பூடிக்காவைப் பற்றி நமக்குள்ள எழுத்துச் சான்றுகள் எல்லாம் றோமப் பேரரசினுள் இருந்து எழுதியோருடையவை. டசிற்றஸ் ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் எழுதினான்; அவனுடைய மாமன் அக்ரிகோலா அக்காலத்தில் பவுலினசின் கீழ்ப் பணியாற்றியவன். டியோ எழுதியது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. ஐசனி மக்கள் எழுதிவைத்த ஒரு வரியும் இல்லை. போருக்கு முன் தேரில் நின்று அவள் ஆற்றியதாக டசிற்றஸ் தரும் உரை அவனே இயற்றியது. அதனை வெறும் பொய் என்று ஒதுக்குவதும் தவறு. தன் வர்க்கத்தாரின் பேராசையை உள்ளிருந்து கண்டு நாணிய ஓர் எழுத்தாளன், எதிரியின் வாயில் தன் குற்றச்சாட்டை வைத்தான். அவ்வளவில் அவனது நேர்மை மதிக்கத் தக்கது. ஆயினும் தன் படையில் 400 பேரளவில் மாண்டனர், எதிரிகளில் 80,000 பேர் மாண்டனர் என்று கூறப்பட்டதை அவன் ஏற்று எழுதும்போது, வெற்றியாளரின் கணக்கேடே பேசுகிறது. டியோவோ, இத்துணை அழிவும் ஒரு பெண்ணால் நேர்ந்ததே றோமருக்குப் பெரும் வெட்கம் என்கிறான். பெண்ணை வியப்பதுபோல் தொடங்கி இழிவில் முடியும் இப்பார்வையை நம் நூல்களிலும் பலகால் காண்கிறோம்.

கிளர்ச்சியாளர் எரித்த நகர்களில் மாண்டோருள் வணிகரும் முதியோரும் பெண்டிரும் இருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஒடுக்கப்பட்டோர் செய்தனர் என்பதற்காகக் கொடுமை கொடுமையல்லாமற் போகாது. அதன் காரணத்தை விளக்கலாம். அதனைக் கொண்டாட வேண்டியதில்லை.

இனி இக்கதையின் வியப்பூட்டும் பகுதிக்கு வருவோம். பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டிருந்த இவ்வரசியை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலேயர் தம் தேசத் தாயாக்கிக்கொண்டனர். வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர் அவளைப் பற்றிப் பாடிய கவிதை 1782இல் நூலில் வெளிவந்தது. அடியுண்ட அரசியை நோக்கி ஒரு முதிய குரு ஆறுதல் கூறுவதாக அது அமைந்தது. அவர் கூறும் ஆறுதல் யாது? றோம் அழியும், உன் வழித்தோன்றல்கள் சீசரும் அறியாத தேசங்களை ஆள்வர் என்பதே. பேரரசை எதிர்த்து மாண்டவளுக்கு மற்றொரு பேரரசையே பரிசாக வழங்குகிறது கவிதை. சுதந்திரத்தின் பெயரால் தொடங்கி ஏகாதிபத்தியத்தின் ஆசீர்வாதத்தில் முடியும் இதனை அழகுணர்ச்சியால் மட்டும் அளந்தால் அதன் உள்ளீடு புலப்படாது.

அந்த 1782ஆம் ஆண்டைத் திருகோணமலை மாவட்டத்து ஆசிரியரும் மாணவரும் மறக்க முடியாது. அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையையும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் கைப்பற்றினர். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் அவற்றை இழந்தனர். 1795இல் மீண்டும் வந்தனர். 1957 வரை அவர்களது கடற்படை அத்துறைமுகத்தில் நிலைகொண்டிருந்தது. கவிஞர் கனவுகண்ட, சீசர் அறியாத தேசங்களுள் நம் துறைமுகமும் ஒன்று. இறக்கக்கண்டிக் கடற்கரையில் வலையிழுத்த மீனவருக்குக் கூப்பரைத் தெரிந்திராது. கூப்பர் பாடிய ஆட்சியோ அவர்கள் கண்முன்னே கப்பல்களாக நங்கூரமிட்டு நின்றது.

பின்னர் தோமஸ் தோர்ணிகுறொவ்ற் என்னும் சிற்பி, இரு புதல்வியருடன் தேர்மீது நிற்கும் பூடிக்காவை வடித்தார். சிற்பி மறைந்து பல ஆண்டுகளின் பின், 1902இல், அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டு இலண்டனில் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தருகே, பாராளுமன்றத்துக்கு எதிரே நிறுவப்பட்டது. கூப்பரின் அந்த ஆசீர்வாத அடிகளே அதன் பீடத்திற் பொறிக்கப்பட்டன. தேரின் சக்கரங்களிற் காணும் அரிவாள்களுக்குத் தொல்பொருட் சான்று இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய் பீடத்திலுள்ளது. அன்று உலகின் கால்வாசியை ஆண்ட அரசு, தன்னைப் போன்ற ஓர் அரசுக்கு எதிராகக் கிளர்ந்த பெண்ணைத் தன் வாயிற்காவலாக நிறுத்திக்கொண்டது. கிளர்ச்சியாளரைக் கொல்வதற்கு வாள் ஒரு வழி. சிலையாக்குவது மற்றொரு வழி.

கூப்பர் அக்கவிதையை இயற்றிய 1780ஆம் ஆண்டளவிலேயே கூப்பரின் நாட்டவரை எதிர்த்து வென்றாள் ஒரு தமிழ் அரசி. இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்துப் புதல்வியாகிய வேலு நாச்சியார், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772 சூனில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பனியின் படையும் சேர்ந்து இராமநாதபுரத்தையும், தொடர்ந்து சிவகங்கையையும் தாக்கின. காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டார். நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பி, திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளை மைசூர் ஐதரலியின் உதவியை நாடினார். எட்டு ஆண்டுகளின் பின், 1780இல், ஐதரலியின் துணையுடனும் மருது சகோதரரின் படைத்திறனுடனும் சிவகங்கை மீட்கப்பட்டது. 1796இல் நாச்சியார் மறைந்தார்.

இங்கும் கதையின் அடியில் ஒரு கடனேடு கிடக்கிறது. நவாபு முகம்மதலி கம்பனிக்கும் அதன் ஊழியருக்கும் தீராக் கடனாளியாயிருந்தான். கம்பனி ஊழியர் தனிப்பட்ட முறையில் அவனுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். அவ்வட்டி பாளையங்களின் கப்பத்திலிருந்து வரவேண்டியிருந்தது. கப்பமோ உழுவோன் களத்திலிருந்து வரவேண்டியிருந்தது. இக்கடன்களின் ஊழல் 1785இல் எட்மண்ட் பேர்க்கின் உரைவழியே பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது. செனக்காவின் வட்டியையும் ஆர்க்காட்டுக் கடனையும் அருகருகே வைத்து நோக்கினால், 17 நூற்றாண்டு இடைவெளியிலும் ஆதிக்கத்தின் வேலைமுறை மாறவில்லை என்பது விளங்கும். வாள் வருமுன் வட்டி வருகிறது.

நாச்சியாரைப் பற்றி இன்று நாடகங்களும் நாவல்களும் மேடையுரைகளும் பல உள்ளன. 2008இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டது. மறந்துபோன ஒரு பெண்ணை நினைவுக்குக் கொண்டுவந்த அளவில் இவை போற்றத்தக்கன. ஆனால் இவற்றுட் பெரும்பாலானவை மூன்று குறைகளைத் தம்முள் கொண்டிருக்கின்றன.

முதலாவது, அளவுகோல். ஜான்சி இராணிக்கு முந்தியவர் என்றும், பிரெஞ்சு நாட்டு யோன் அம்மையாரைப் போன்றவர் என்றும் ஒப்பிட்டே அவர் பெருமை கூறப்படுகிறது. பிறிதொருத்தியின் நிழலில் நிறுத்தாமல் அவரைக் காணத் தெரியாமை இது. அவரது தனிச்சிறப்பு வாள்வீச்சில் இல்லை. எட்டு ஆண்டுப் பொறுமையிலும், சாதி, சமயம், மொழி கடந்த கூட்டணியிலும் உள்ளது. விருப்பாட்சியின் நாயக்கரும், மைசூரின் முஸ்லிம் ஆட்சியாளரும், சிவகங்கையின் மருதிருவரும் ஓரணியில் நின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் நம் மாவட்டத்தில், ஓர் ஆசிரியர் வகுப்பறையில் எடுத்துரைக்க வேண்டிய பகுதி இதுவே.

இரண்டாவது, தியாகத்தின் பங்கீடு. தன் உடலிற் தீமூட்டி வெடிமருந்துக் கிடங்கை அழித்ததாகச் சொல்லப்படும் குயிலியும், நாச்சியார் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் உடையாளும் வாய்மொழி மரபில் வாழ்பவர்கள். அவர்களின் வரலாற்றுச் சான்று பற்றி ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. விமர்சகன் இங்கு இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். மரபை ஆவணமாகக் காட்டுவது ஒன்று. ஆவணமில்லை எனக் கூறி மரபை எறிவது மற்றொன்று. அரசியின் வெற்றிக்குப் பெயரற்ற எளிய பெண்கள் விலை கொடுத்தனர் என்று மக்கள் நம்பிச் சொல்லிவந்தனர். அந்நம்பிக்கையே ஒரு சமூகச் சான்று. எழுத்தாளனோ அப்பெண்கள் எரிந்த கணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அவர்கள் வாழ்ந்த வாழ்வை விட்டுவிடுகிறான். சாதிச் சங்கங்களோ, இவர் எம்மவர், அவர் உம்மவர் என்று வீரரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சாதி கடந்து நின்றவர்களைச் சாதிக்குள் அடைப்பதும் ஒருவகைச் சிறையே.

மூன்றாவதும் முதன்மையானதுமான குறை, கதை முடியும் இடம். அரியணை மீண்டதும் திரை விழுகிறது. ஆனால் 1780க்குப் பின்னும் கப்பக் கோரிக்கை நின்றுவிடவில்லை. 1783இலேயே கர்னல் புல்லாட்டன் படையுடன் சிவகங்கைக்கு வந்தான். மெய்யான திருப்பம் 1801இல் நேர்ந்தது. அவ்வாண்டு சூனில் சின்ன மருதுவின் பெயரால் திருச்சிராப்பள்ளியில் ஒட்டப்பட்ட அறிக்கை, எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே விளித்து ஐரோப்பியரை வெளியேற்ற அழைத்தது. ஓர் அரசியின் உரிமைப் போர், பலதரப்பட்ட மக்களை நோக்கிய அழைப்பாக வளர்ந்தது. கம்பனி அதனை உடைக்கக் கையாண்ட கருவிகளுள் ஒன்று அரச இரத்தம். சிவகங்கை அரச வழியினர் என ஒருவரைத் தேடிப்பிடித்து ஆட்சியுரிமையாளராக அறிவித்தது. பரம்பரை உரிமை என்னும் கொள்கை கிளர்ச்சிக்கு உதவியதைவிடக் கம்பனிக்கே நன்கு உதவிற்று. 1801 ஒக்ரோபர் 24இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அரசியின் கதையை அரண்மனை வாயிலில் நிறுத்தும் எழுத்து, இவ்வளர்ச்சியை வாசகனிடமிருந்து மறைத்துவிடுகிறது.

ஈழத்து நிலையும் வேறன்று. 1803இல் வன்னியில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை விரட்டினான். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. கச்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லில், அவ்வயலில் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது. அக்கல் தோல்வியைக் கூறிற்று, மரணத்தைக் கூறவில்லை. ஆயினும் நம்மவருட் பலர் அந்நாளையே அவனது இறப்பு நாளாகக் கொண்டனர். டசிற்றஸ் இன்றி பூடிக்கா இல்லை. டிறிபேர்க்கின் கல்லின்றி நம் நினைவுநாளும் இல்லை என்னும் நிலை நமக்குப் பெருமை தருவதன்று. வெற்றியாளன் எழுதியதை வாசிப்பதில் தவறில்லை. அவன் எழுதாததையும் அதில் வாசித்துவிடுவதே தவறு.

ஆகவே வீர வரலாற்றைப் பொருளாகக் கொண்ட எந்தப் படைப்பையும் மூன்று வினாக்களால் சோதிக்குமாறு மாணவர்க்குக் கற்பிப்போம். இதனைச் சொல்பவன் யார்? போருக்கு முன் வந்த கடனும் வரியும் நிலப்பறிப்பும் இதில் உண்டா? வெற்றிக்குப் பின் உழுவோனுக்கும் ஏவற்பெண்ணுக்கும் என்ன நேர்ந்தது என்று இது கேட்கிறதா? இம்மூன்றுக்கும் விடையளிக்கும் நூல் வேலு நாச்சியாரைப் பற்றித் தமிழில் எழுதப்படுமானால், அது அவருக்குரிய உண்மையான நினைவுச்சின்னமாக அமையும். அத்தகைய நூல் பெருகாதவரை, நாமும் வெண்கலத் தேர்களையே வார்த்துக்கொண்டிருப்போம். அவற்றின் பீடங்களில் என்ன பொறிப்பது என்பதை அதிகாரத்தில் இருப்போரே முடிவுசெய்வர்.