வெற்றிப் படலமும் நொண்டிச் சிந்தும்

காவேரியிலிருந்து குடமுருட்டி கிளைத்துப் பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டு, கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள ஏலாக்குறிச்சியையும், தென்கிழக்கே தஞ்சைக் கோட்டையையும், ஆறு கடலைத் தேடிப் போகும் திசையில் தரங்கம்பாடியையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், பதினெட்டாம் நூற்றாண்டில் இஸ்ரவேலரின் பழஞ்சரித்திரம் தமிழ் இலக்கியத்துக்குள் புகுந்த பாதையின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காணலாம். மோசே, யோசுவா, கிதியோன், தாவீது என்னும் தலைவர்கள் இந்த நெல்வயல் நாட்டில் என்ன கோலம் பூண்டார்கள், பாவம், கிருபை, மீட்பு என்னும் மூன்றைப் பற்றி அவர்களுடைய வாழ்வு சொல்லும் செய்தியில் எதை நம் புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதே இங்கே விசாரணைக்குரிய பொருள்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தபின், பழைய ஏற்பாட்டில் கைவைத்து, ரூத்தின் சரித்திரம் வரையில் மொழிபெயர்த்த நிலையில் 1719இல் காலமானார். ரூத் தாவீதின் கொள்ளுப்பாட்டி. ஆகவே மோசேயும் யோசுவாவும் நியாயாதிபதிகளும் அவர் கையால் தமிழ் வசனத்துக்கு வந்து சேர்ந்தார்கள், தாவீதோ வாசலில் நின்றுவிட்டான். எஞ்சிய பகுதியை முடித்து, 1728இல் அச்சுவேலையை நிறைவேற்றியவர் சூல்ச் ஐயர்.

அதே காலத்தில் காவியக் கலையின் உச்சியில் நின்று இதே சரித்திரத்தைப் பாடியவர், ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி மாதா கோயிலை முதலில் எழுப்பியவர் அவரே என்பது இப்பகுதியாரின் பாரம்பரியம். 1726இல் அவர் நிறைவேற்றிய தேம்பாவணி, மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. பாட்டுடைத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பரே ஆயினும், இஸ்ரவேலின் முன்னோர் கதைகள் கிளைக்கதைகளாக அதனுள் நிரம்பியிருக்கின்றன. தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை வளனுடைய குலப்பெருமையாக வருகிறது. யோசுவாவுக்குச் சோசுவன் வெற்றிப் படலமும், கிதியோனுக்குச் சேதையோன் வெற்றிப் படலமும், சீனாய் மலைக்கு ஒரு தனிப்படலமும் அமைந்திருக்கின்றன. தரங்கம்பாடியாரை எதிர்த்துக் கண்டன நூல்கள் எழுதிய முனிவரும், முனிவரை எதிர்த்த தரங்கம்பாடியாரும், இந்தத் தலைவர்களைத் தமிழர்முன் நிறுத்தும் வேலையில் மட்டும், தாம் அறியாமலே, ஒரே ஏரில் பூட்டப்பட்டிருந்தார்கள்.

படலங்களின் பெயரைச் சற்றே கவனிக்க வேண்டும். வெற்றி என்பதே முன்னிற்கிறது. போரும் பவனியும் இன்றிக் காவியம் நடவாது என்பது உண்மைதான். ஆனால் இத்தலைவர்களின் வாழ்வை மூலத்தில் படிப்பவன் வெற்றியோடு புத்தகத்தை மூடிவிட முடியாது. கிதியோன் 32,000 பேர் கொண்ட சேனையை 300 ஆகக் குறைத்து மீதியானியரை முறியடித்ததை நியாயாதிபதிகள் ஆகமத்தின் ஏழாம் அதிகாரம் சொல்கிறது. அதே கிதியோன் கொள்ளைப் பொருளில் 1,700 சேக்கல் பொன் சேர்த்து ஏபோத் ஒன்று செய்து தன் ஊரில் வைத்து, அது ஜனங்களுக்கும் தன் வீட்டாருக்குமே கண்ணியாய் முடிந்ததை எட்டாம் அதிகாரம் சொல்கிறது. யோசுவா எரிகோவின் மதில் விழக் கண்ட மறுகணமே, ஆகான் என்னும் ஒருவன் ஒளித்துவைத்த பொருளுக்காகச் சேனை ஆயி ஊரின் முன் தோற்றோடியது. பொற்கன்றை வணங்கிய ஜனத்துக்காகத் தன் பெயரையே தேவனுடைய புத்தகத்திலிருந்து அழித்துவிடும்படி மன்றாடிய மோசே, பின்னொரு நாள் தண்ணீருக்காக முறுமுறுத்த அதே ஜனத்தின்மேல் கொண்ட சினத்தால் கன்மலையைக் கோலால் அடித்து, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் கால்வைக்கும் பாக்கியத்தை இழந்தான். பிறருக்காகக் கேட்ட மன்னிப்பு கிடைத்தது. தன் பிழைக்கான தண்டனையோ மாறவில்லை.

தாவீதின் கதையில் இது இன்னும் கூர்மையாகிறது. உரியாவின் மனைவியை அபகரித்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசனிடம், நாத்தான் தீர்க்கதரிசி ஏழை ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்ல, அந்தச் செல்வன் சாவுக்குப் பாத்திரன் என்று தாவீது தீர்ப்பளித்த கணத்திலேயே, அத்தீர்ப்பு அவன்மேல் திரும்பியது. தஞ்சை மண்டலத்தாருக்கு இந்த நீதிசபை புதிதன்று. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரைச் செலுத்திய சோழனைத் திருவாரூர் இன்னும் மறக்கவில்லை. ஆயினும் இரண்டும் முடியும் விதம் வேறு. திருவாரூரில் கன்றும் மைந்தனும் உயிர்பெற்று எழுகிறார்கள்; எருசலேமில் தாவீது மன்னிக்கப்படுகிறான், ஆனால் உரியாவின் மனைவி அவனுக்குப் பெற்ற குழந்தை இறந்துபோகிறது. கிருபை என்பது செய்த வினையின் விளைவைத் துடைத்துவிடும் மாயமன்று என்று இவ்வளவு கடுமையாகச் சொல்லும் பகுதி வேதாகமத்தில் அதிகம் இல்லை. அந்தப் பச்சாத்தாபத்தின் குரலாகப் போற்றப்படும் 51ஆம் சங்கீதம் தவக்காலந்தோறும் கோயில்களில் ஒலித்துவருகிறது.

தலைவர்களின் வாழ்வில் பாவமும் கிருபையும் சந்திக்கும் இந்தப் பகுதிக்குரிய தமிழ் உருவம் காவியத்தில் அல்ல, கூத்தில் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராகத் தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), குறவஞ்சி, கும்மி, ஏற்றப்பாட்டு முதலாக உழவரும் பெண்டிரும் அறிந்த உருவங்களை எல்லாம் வேதப்பொருளுக்கு வசப்படுத்தியவர். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய ஞான நொண்டி நாடகத்துக்கு அச்சாக அமைந்த, சிந்து என்னும் பாவகையில் பாடப்படும் நொண்டி நாடகம், அன்றைய ஜனங்களுக்கு மிகவும் பிடித்த கூத்து வகை. கதாநாயகன் பொருளைத் தாசி வீட்டில் தொலைத்து, குதிரை திருடி, பிடிபட்டு, கால் வெட்டுண்டு, கடைசியில் தெய்வத்தைச் சரணடைந்து கால் பெறுகிறான். திருச்செந்தூர் முருகனுக்கும் அந்த வகையில் ஒரு நாடகம் உண்டு; சீதக்காதி வள்ளலின் பெயராலும் உண்டு. பாவம், தண்டனை, முறையீடு, மீட்பு என்ற இந்த நான்கு படிகளும் நியாயாதிபதிகள் ஆகமத்தில் திரும்பத் திரும்ப வரும் அதே நான்கு படிகள் என்பதை எண்ணும்போது, சாஸ்திரியார் கைக்கு இந்த உருவம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மேலும், சவுலின் பேரனும் யோனத்தானின் மகனுமாகிய மேவிபோசேத் இரு காலும் முடமானவன். எதிரியின் வம்சத்தான் என்று அஞ்சி வந்தவனைத் தாவீது தன் பந்தியில் நித்தமும் உண்ணும்படி அமர்த்திக்கொண்டான் என்று இரண்டாம் சாமுவேல் சொல்கிறது. அவனுக்குக் கால் திரும்பவில்லை. பந்தியில் இடம் மட்டும் கிடைத்தது. நொண்டி நாடகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேற்றுமை சட்டென்று புலப்படும்.

மீட்பு என்பது கூத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1780களில், ஹைதர் அலியின் படையெடுப்பாலும் வரிவசூலின் கொடுமையாலும் தஞ்சைக் குடிகள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறியபோது, துளஜா மன்னரின் வாக்கை நம்பாதவர்கள், ஷ்வார்ட்ஸ் ஐயர் பிணை நின்ற பின்னரே திரும்பி வந்து, பருவம் தவறிய நிலையிலும் உழுது விதைத்தார்கள். மோசே ஜனத்தை வெளியே நடத்தினான். இவர் உள்ளே அழைத்தார்.

தேம்பாவணியின் கவித்துவத்தோடு சாஸ்திரியாரின் சிந்துகளை ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் தலைவனும் பாவிதான் என்ற செய்தியை ஜனங்களின் நாவில் நிறுத்தியது எது என்று கேட்டால், சிந்துகளே என்று தயங்காமல் சொல்வேன். சேதையோன் வெற்றிப் படலத்தையும் ஞான நொண்டியையும் அருகருகே வைத்து ஆராய, தஞ்சையிலே 1981 முதல் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இளம் ஆராய்ச்சியாளர் எவரேனும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரசங்கம் செய்வோருக்கும் ஒரு விண்ணப்பம்: கிதியோனைப் பற்றிப் பேசும்போது, ஏழாம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் எட்டாம் அதிகாரத்தையும் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.