வாணத்தின் வயிற்றுத் துளை

காஞ்சிபுரத்துக் கோயில் உற்சவங்களில் வாணம் சீறினால், எல்லோர் கண்ணும் வானத்தில் சிதறும் பூவில். எனக்குப் பிடித்தது குழாய்க்குள் இருக்கும் வேலை. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும். மருந்தைக் கெட்டிக்கும்போது நடுவே கூம்பாக ஒரு துளை விடுகிறார்கள். எவ்வளவு அழகான யோசனை! தீ துளையின் சுவரெங்கும் ஒரேயடியாகப் பற்றுகிறது. வாயு குறுகிய வாய்வழியே கீழே பீறிட, குழாய் மேலே பாய்கிறது. துளை இல்லையென்றால் மெழுகுவத்திபோல் நுனியிலிருந்து மெல்ல எரியும், அவ்வளவுதான். வெடியுப்பே ஆக்சிஜனும் தருவதால் வெளிக்காற்று தேவையில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்திலும் நடுவே துளைதான். அங்கே அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர்ப் பிசினில் கலந்து, ஏறக்குறைய 138 டன் இறுகிக் கிடக்கும். பற்றவைத்தபின் நிறுத்த முடியாது, இரண்டையும்.