படையின் சக்கரங்கள் யார் பொறுப்பில்?

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்ததும் வரும் கஞ்சிக்கோட்டில், பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. 1964இல் உருவான இந்தப் பொதுத்துறை நிறுவனமே இராணுவத்துக்கு டாட்ரா கனரக வாகனங்களை வழங்கி வந்திருக்கிறது. இதில் அரசுக்குள்ள சுமார் 54 விழுக்காட்டுப் பங்கில் 26 விழுக்காட்டை நிர்வாக உரிமையோடு விற்க, 2021 ஜனவரியில் விருப்ப மனுக்கள் கோரப்பட்டன. கஞ்சிக்கோட்டுத் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதை வேலை பற்றிய அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. படை எந்த அளவுக்குத் தனியாரை நம்பலாம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

தனியாரால் நன்மையே இல்லை என்பது உண்மைக்கு மாறானது. 2017இல் ஒப்பந்தமான 100 கே-9 வஜ்ரா பீரங்கிகளை லார்சன் அண்டு டூப்ரோ 2021 பிப்ரவரிக்குள் குறித்த காலத்துக்கு முன்பே ஒப்படைத்தது. தாமதத்துக்குப் பேர்போன நம் தளவாடக் கொள்முதலில் இது பெரிய சாதனை. பொதுத்துறை என்றாலே தூய்மை என்றும் சொல்வதற்கில்லை. டாட்ரா வாகனங்களுக்கு ஒப்புதல் தர 14 கோடி ரூபாய் லஞ்சம் பேசப்பட்டதாக அன்றைய தரைப்படைத் தளபதி வி.கே. சிங் 2012இல் கூறியபோது, பழி பி.இ.எம்.எல். மீதும் விழுந்தது. செக் நாட்டு வண்டியை மூல உற்பத்தியாளரிடம் வாங்காமல் பிரிட்டனில் பதிவான நிறுவனத்தின் வழியே வாங்கியது ஏன் என்று கேட்கப்பட்டது. சிபிஐ வழக்குப் பதிந்தது.

அப்படியானால் விற்றுவிடுவதுதானே தீர்வு என்று கேட்கலாம். அல்ல. அந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்தில் எழுப்ப முடிந்ததற்கு நிறுவனம் அரசுடையதாக இருந்ததே முக்கியக் காரணம். நிர்வாகம் கைமாறினால் தலைமைத் தணிக்கையாளரின் பார்வையும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிடியும் தளரும். பீரங்கி ஒப்பந்தத்தில் அரசு வாங்குபவராகவே இருந்தது. களச் சோதனைகளில் தேறிய பிறகே ஒப்பந்தம் கையெழுத்தானது. படை நெடுங்காலம் சார்ந்திருக்கும் நிறுவனத்தின் கடிவாளத்தையே கைமாற்றுவது வேறு விஷயம். கூலிப்படைக்குப் போரின் ஒரு பகுதியை ஒப்படைத்த ரஷ்யா, 2023 ஜூனில் அந்த வாக்னர் படை மாஸ்கோவை நோக்கித் திரும்பியதைக் கண்டது. இந்தியா அந்த எல்லைக்குப் போகவில்லை. ஆனாலும் கணக்குக் கேட்கும் உரிமையை இழந்த சார்பு ஆபத்தானது என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

தனியாரிடம் வாங்கலாம்; ஆனால் போட்டி, சோதனை, தணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். மாற்று வழங்குநர் இல்லாத இடத்தில் நிர்வாகத்தை அரசு விற்கக் கூடாது.