மொறிஸ் மைனரின் கால்கள்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் ஏ-9 வீதியைக் கடக்கும் சாரதிகள் குறைவு. கும்பிட்டு, கச்சான் வாங்கிய பிறகுதான் பயணம் தொடரும். அங்கே ஒரு மொறிஸ் மைனர் வந்து நின்றால் பலருடைய கண் அதன் உருண்ட முகத்திலும் வர்ணத்திலும் போய் நிற்கும். விடயம் தெரிந்தவரோ குனிந்து சில்லைப் பார்ப்பார். இரண்டு முன்சில்லும் நிமிர்ந்து நிற்கின்றனவா? ஒரு பக்கம் பதிந்திருக்கிறதா? ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா? வர்ணம் எந்தக் காரையும் அழகாக்கும். அந்தக் கார் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வது சஸ்பென்ஷன்.

1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகொனிஸ். பின்னர் உலகப் புகழ்பெற்ற மினியை உருவாக்கியவரும் அவரே. 1936 இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்த அவர், தொடக்க ஆண்டுகளில் ஆழ்ந்து உழைத்தது முன்சில்லுகளின் சஸ்பென்ஷனில்தான். அந்த உழைப்பின் கனி மைனருக்கு அடியில் இருக்கிறது.

முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட உருக்குக் கம்பி, தரைத்தகட்டுக்குக் கீழே பின்னோக்கி ஓடுகிறது. சில்லு கிடங்கில் விழுந்து எழும்பும்போது அந்தக் கம்பி முறுகி, பிறகு தன் நிலைக்குத் திரும்புகிறது. டோர்ஷன் பார் என்பது இதுதான். சுருள்வில் கிடையாது. சில்லைப் பிடிக்கும் மேற்கையும் தனியாகக் கிடையாது. ஷொக் அப்சோபரின் கையே அந்த வேலையையும் பார்க்கிறது. ஒரு பொருளை இரண்டு வேலைக்கு வைக்கும் இந்தச் சிக்கனம் இசிகொனிஸின் கையெழுத்து.

ஆனால் மைனரின் உயிர் நிற்கும் இடம் வேறு. சில்லைத் தாங்கும் கிங்பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புரி வெட்டப்பட்டிருக்கிறது. அவை ட்ரனியன் எனப்படும் உறைகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் புரிகள் பாரத்தோடு சுழல்கின்றன. கிறீஸ் இருக்கும்வரை குறையில்லை. வன்னியின் கிரவல் பாதைகளில் எழும் செம்புழுதி அந்தக் கிறீஸோடு கலந்தால், அதுவே உருக்கை அரைக்கும் பசையாகிவிடும். புரி தேய்ந்து கீழ் ட்ரனியன் கழன்றால் சில்லு மடிந்து, காரின் மூலை தரையில் விழும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் இது நடக்கும் என்பது ஓர் ஆறுதல்.

அப்படிப்பட்ட கார்கள் இந்த மண்ணில் எப்படித் தாக்குப்பிடித்தன? 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடப் பழகியவற்றில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் இருந்தன. புதுப் பாகம் வராத காலத்தில் பழைய ரயரிலிருந்து புஷ் வெட்டுவதும், தேய்ந்த பின்னைக் கடைச்சல் பட்டறையில் மீட்பதும் கராஜ்காரரின் அன்றாடம். 2009 இல் போரின் இறுதிக்கட்டத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்களை விட்டுவிட்டுச் சனம் வெளியேற நேர்ந்தது. அதனால் இன்று ஒரு மைனரை முழுமையாக வைத்திருப்பவரின் கையில் இருப்பது எளிதில் கிடைக்காத பொருள்.

அவர் முன்னால் வரும் கேள்வி இது: சஸ்பென்ஷனைத் தானே கழற்றிப் பூட்டுவதா, கராஜில் விடுவதா?

பதிலைச் சொல்ல வேண்டியது கார்தான். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இருத்தி, சில்லின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சில்லின் பெயாரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின்னிலோ ட்ரனியனிலோ. பிறகு காரை இறக்கி ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட வேண்டும். ஒருதரம் எழும்பி அடங்கினால் ஷொக் அப்சோபர் நலம். ஊஞ்சல்போல ஆடினால் அதன் எண்ணெய் ஒழுகியிருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பிறகு வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டுகளும் அவற்றின் றப்பர் புஷ்களும் பொறுமையுள்ள எந்த உரிமையாளருக்கும் எட்டுபவை. பிளேட் பதிந்திருந்தால் லொறி வேலை செய்யும் பட்டறையில் அதை அடித்து வளைத்துத் தருவார்கள். கிறீஸ் அடிப்பதும் சொந்த வேலையே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: சில்லைத் தரையிலிருந்து தூக்கி, பாரம் நீங்கிய பிறகு அடித்தால்தான் புரிகளுக்குள் கிறீஸ் முழுதாக இறங்கும்.

டோர்ஷன் பார் வேறு சங்கதி. முறுகி நிற்கும் கம்பிக்குள் அடங்கியிருக்கும் விசை, கீழ்க்கைக்குச் சரியான முட்டு இல்லாமல் கழற்றுபவரின் விரலையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும். கம்பியில் விழும் சிறு கீறல்கூடப் பின்னாளில் முறிவாகும். இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் மாற்றவும் கூடாது. முதல் தடவை இதைச் செய்பவர், மைனர் தெரிந்த ஒரு கைகாரரின் பக்கத்தில் நின்று செய்வதே முறை. ஒழுகும் ஷொக் அப்சோபரைத் திறந்து புதுப்பிக்கும் வேலைக்குத் தனிக் கருவிகள் வேண்டும், அதற்குரியவரிடம் அனுப்பிவிடலாம். கையுடைய பழைய ஷொக்கை எறிந்துவிட்டுப் புதுமாதிரிக் குழாய் ஷொக் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஓட்டம் இறுகலாம், ஆனால் இசிகொனிஸின் அந்தச் சிக்கனம் போய்விடும்.

பாகத்துக்கு வழி முழுதாக அடைபடவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் பழுதுபார்த்து வாழவைத்த சார்ள்ஸ் வேர், அவற்றுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியிலும் இறங்கினார். பழைய காரைத் திருத்தித் திருத்தி நெடுங்காலம் ஓட்டுவதே நியாயம் என்பது அவர் கட்சி. வன்னியின் கராஜ்கள் அதைத் தேவையின் நிமித்தம் செய்து காட்டியவை.

எல்லாம் பூட்டி முடிந்தாலும் றப்பர் புஷ்களின் நட்டுகளை இறுதியாக இறுக்குவது சில்லுகள் தரையில் நின்று, காரின் முழுப் பாரமும் அவற்றில் இறங்கிய பிறகுதான். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறக்கிய அன்றே புஷ் முறுகிக் கிழியத் தொடங்கும். அதன்பின் சில்லுகளின் நேர்வரிசை பார்த்து, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை ஓர் ஓட்டம். திரும்பியதும் அதே நட்டுகளுக்கு மறுபடி ஸ்பனர்.