பேசும் இரும்பும் பேசாத காடும்: தமிழில் ஆர்ச்சி சித்திரக்கதைகள் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தமிழ்ச் சித்திரக்கதை வாசகரிடையே 'சட்டித் தலையன்' என்றால் அது ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனையே குறிக்கும். 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், தன் தொடக்கக் கால இதழ்களுள் ஒன்றான 'இரும்பு மனிதன்' வழியாக அவனைத் தமிழுக்குக் கொண்டு வந்தது. இவ்வகை இதழ்கள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இளமை நினைவுகளாக அமைகின்றன. மொழிபெயர்ப்பு ஆய்விலும் சிறார் இலக்கிய ஆய்விலும் இவை பெற்ற இடம் சிறிது. ஆர்ச்சி தமிழில் பெற்ற மாற்றத்தையும், அம்மாற்றம் தொடாமல் விட்ட ஒன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலமும் வருகையும்

பிரிட்டனில் 'லயன்' வார இதழ் 1952 பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. அதில் வெளிவந்த 'தி ஜங்கிள் ரோபோட்' தொடரில் ஆர்ச்சி தோன்றினான். ஜார்ஜ் கோவன் கதை எழுதினார். பிற்காலத் தொடர்களுள் பெரும்பாலானவற்றுக்கு டெட் கியரன் படம் வரைந்தார். பேராசிரியர் ரிச்சி உருவாக்கிய இந்த இயந்திரத்தை அவருடைய உறவினன் டெட் ரிச்சியும் நண்பன் கென் டேலும் இயக்கினர். தொடக்கத்தில் ஆர்ச்சி பேசமாட்டான். தொலைவிலிருந்து இடப்படும் ஆணைக்கு இயங்கும் கருவியாகவே இருந்தான். 1957இல் தொடர் மீண்டும் வந்தது. பின்னாளில் அவனுக்குக் குரல் பொருத்தப்பட்டது. அதன்பின் அவன் தற்பெருமை பேசும் பாத்திரமானான்.

ஆங்கிலச் சிறுவர் முதலில் ஊமை இயந்திரத்தைக் கண்டு, ஆண்டுகள் கழித்தே அதன் பேச்சைக் கேட்டனர். தமிழ் வாசகர் நினைவில் நிலைத்தவனோ பேசும் ஆர்ச்சியே. கருவியாக இருந்து பாத்திரமாக வளர்ந்த வரலாறு தமிழில் பின்னணிக்குச் சென்றுவிட, முழுமையான ஆளுமையாகவே அவன் இங்கு அறிமுகமானான். மொழிபெயர்ப்பில் எது வந்தது என்பதைப் போலவே எந்த வரிசையில் வந்தது என்பதும் ஏற்பைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

பெயரிடுதலும் உறவும்

1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகம் செய்த இரும்புக்கை மாயாவியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மாயாவி மனிதன், அவனிடம் கை மட்டுமே இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் எஞ்சும். 'மாயாவி' என்ற சொல் மந்திர தந்திரக் கதைமரபிலிருந்து வந்து, அவனை வியப்புக்கும் அச்சத்துக்கும் உரியவனாக்கியது. ஆர்ச்சியோ முழுதும் இரும்பு. அவனுக்கு வாய்த்த பட்டப்பெயர் அடுக்களையிலிருந்து வந்தது. சட்டி அன்றாடம் கையாளும் பண்டம். அந்நிய நாட்டு இயந்திரத்தின் தலையைச் சட்டியாகக் கண்ட கணத்திலேயே அச்சம் நீங்கிக் கேலி கலந்த நெருக்கம் உண்டாகிறது. தெருவில் உடன் விளையாடுபவனுக்கு வைக்கும் பட்டப்பெயர் போன்றது இது. ஆர்ச்சியின் தற்பெருமையும் இவ்வுறவுக்குள்தான் நகைச்சுவையாகிறது. தமிழ் ஆர்ச்சியின் மிகப்பெரிய வெற்றி இதுவே.

மலையிலிருந்து வாசித்தல்

இவ்வெற்றியின் எல்லையை ஏற்காட்டில் இருந்து வாசிக்கையில் உணர முடிகிறது. ஆர்ச்சியின் முதல் தொடர் தலைப்பிலேயே காட்டைக் கொண்டது. வெள்ளையர் இயந்திரத்துடன் அடர்காட்டுக்குள் நுழைவதும், காடு ஆபத்துகளின் அரங்காக நிற்பதும் அக்காலப் பிரிட்டிஷ் சாகசக் கதைகளின் பொது அமைப்பு. அங்கு வாழும் மக்கள் எதிரிகளாகவோ வியந்து நிற்கும் கூட்டமாகவோ வருவர். தனிப்பெயர் பெறுவது அரிது.

சேர்வராயன் மலைக்கு இத்தகைய நுழைவு கற்பனையன்று. சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு முன்பே மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்ந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவரான பெரியண்ணன் வழியினர் தாம் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. மலையுச்சியில் குகைக்கோயில் கொண்ட சேர்வராயனே அவர்கள் தெய்வம். பெயரும் வருகைக் கதையும் தெய்வமும் உடைய மக்கள், சாகசக் கதையின் சட்டகத்துக்குள் பெயரற்ற கூட்டமாகிவிடுவர்.

இங்குதான் தமிழாக்கத்தின் மீதான வினா எழுகிறது. மொழிபெயர்ப்பு ஆர்ச்சியை நம்மவனாக்கியது. ஆயின் வாசகன் நிற்கும் இடத்தை மாற்றவில்லை. தமிழ்ச் சிறுவனும் இயந்திரத்தை ஏவுவோர் தோளருகே நின்றே காட்டைப் பார்க்கிறான். இரும்புக்குத் தமிழ் கிடைத்தது, காட்டுக்குக் கிடைக்கவில்லை. பட்டப்பெயர் தந்த நெருக்கமே இப்பார்வைக் கோணத்தைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்தது எனலாம்.

சிறுவர் பொழுதுபோக்கின் மீது இத்தகைய சுமையை ஏற்றலாமா என்ற மறுப்பு எழக்கூடும். எவர் கண் வழியாக உலகைக் காண்பது என்பதைச் சிறுவர் கற்பதே இத்தகைய கதைகளில்தான். இவ்வாசிப்பு அவ்விதழ்களின் இன்பத்தை மறுப்பதன்று; அவ்வின்பம் எதன்மேல் எழுந்தது எனக் கேட்பது.

முடிவுரை

தமிழ் ஆர்ச்சி, அந்நியப் பாத்திரம் ஒன்று மொழியாலும் பட்டப்பெயராலும் உள்ளூர்த்தன்மை பெற்றமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே வேளையில், மொழி மாறினும் பார்வைக் கோணம் மாறாதிருக்கலாம் என்பதற்கும் அவனே சான்று. இவ்வாய்வு தொடர, மூலத் தொடரின் பெயர், ஓவியர், தமிழாக்கியோர், வெளிவந்த மாதம் ஆகியவற்றுடன் கூடிய இதழ் அடைவு முதல் தேவை. மட்டரகத் தாளில் அச்சான இதழ்கள் மலையின் ஈரக்காற்றில் விரைவில் மக்குகின்றன. சேலம் பகுதிக் கல்லூரி நூலகங்கள் தனியார் சேமிப்புகளைப் படியெடுத்துக் காப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.