கேப் டவுன் கடற்கரையில் ஒரு நாள்

கேப் டவுனிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போய்வரும் ஒருநாள் சுற்றுலாவின் உயிர், சாப்மன்ஸ் பீக் சாலை. 1922-இல் திறந்த பாதை. 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள். ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அட்லாண்டிக். நல்ல வழிகாட்டி இங்கே பேச்சை நிறுத்திவிடுவார், அதுதான் தேர்ச்சி.

ஹவுட் பேயில் படகேறிக் கடல்நாய்களை ஒரு பார்வை பார்த்தால் போதும். நேரத்தைப் போல்டர்ஸ் கடற்கரைக்கு மிச்சம் பிடியுங்கள். மரநடைபாதைக்குப் பக்கத்திலேயே பென்குயின்கள் கழுதை போலக் கத்தும். கண்ணுக்கு மேலே இளஞ்சிவப்புத் திட்டு. வெயில் ஏற ஏற, உடல் சூட்டைத் தணிக்க இரத்தம் அங்கே பாய்ந்து அது இன்னும் சிவக்கிறது, என்ன அழகு! 1982-இல் இரண்டே இணைகளில் தொடங்கிய குடியிருப்பு இது. ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. போனால் தொடாதீர்கள், தீனி போடாதீர்கள்.