ஒரே மதிப்பெண், இரண்டு தீர்ப்புகள்

அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்தவர் நேரே நீதிமன்றப் படியேறிவிட முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் பார் தேர்வில் தேற வேண்டும். தொழில் நெறிமுறைக்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும். நன்னடத்தை விசாரணையையும் தாண்ட வேண்டும். நியூயார்க் இவற்றோடு 50 மணி நேர இலவசச் சட்டப் பணியையும் கேட்கிறது. கட்சிக்காரரின் சொத்தும் சுதந்திரமும் வக்கீலின் கையில் இருப்பதால், வாசலில் காவல் அவசியம். ஆனால் அந்தக் காவல் உண்மையில் எதை அளக்கிறது?

பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுத் தேர்வுக்கு மொத்தம் 400 மதிப்பெண். மினசோட்டாவில் 260 எடுத்தால் தேர்ச்சி, நியூயார்க்கில் 266 வேண்டும், மாசசூசெட்ஸில் 270. 262 எடுத்தவர் மினசோட்டாவில் வக்கீல், நியூயார்க்கில் தோற்றவர். மாநில எல்லையைக் கடந்ததும் ஒருவருடைய சட்ட அறிவு குறைந்துவிடாது. ஆகவே இந்தக் கோடு தகுதியைப் பிரிக்கும் கோடு என்று நம்புவது கடினம். தேர்வின் உள்ளடக்கமும் இந்த ஐயத்தை வளர்க்கிறது. மதிப்பெண்ணில் பாதி 200 கொள்குறி வினாக்களுக்குப் போகிறது. கொடுத்த ஆவணங்களைப் படித்து மனுவோ குறிப்போ வரையும் பகுதிக்கு 20 சதவீதம்தான். தொழிலிலோ, புத்தகத்தைப் புரட்டாமல் நினைவிலிருந்து சட்டம் சொல்வதைப் பொறுப்பின்மை என்பார்கள். வேறு அளவுகோலில் தனித் தேர்வு நடத்தும் கலிஃபோர்னியா, 2020இல் தன் தேர்ச்சி எல்லையை 1440இலிருந்து 1390க்கு இறக்கியது. பிறகு, முந்தைய ஐந்தாண்டுகளில் 1390ஐத் தொட்டும் தோற்றவர்கள் 300 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்றினால் உரிமம் பெறலாம் என்றது. அத்தனை ஆண்டுகள் அவர்களை வெளியே நிறுத்தியதற்கு என்ன நியாயம் இருந்தது?

தேர்வை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. விடைத்தாளுக்கு நிறமில்லை, குலமில்லை, கல்லூரிப் பெயருமில்லை. மனிதர் மனிதரை எடைபோடும்போது என்ன நடக்கும் என்பதற்கு நன்னடத்தை விசாரணையே சான்று: கம்யூனிஸ்ட் கட்சி பற்றிய கேள்விக்குப் பதில் தர மறுத்த ரஃபேல் கோனிக்ஸ்பர்க்குக்குக் கலிஃபோர்னியா உரிமம் மறுத்தது, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வே இல்லாத வழியும் உண்டு: விஸ்கான்சினில் 1870 முதல் உள்ளூர்ச் சட்டப் பட்டமே உரிமத்துக்குப் போதும் என்ற முறை நீடிக்கிறது. ஆனால் அங்கே இருப்பவை இரண்டே சட்டக் கல்லூரிகள். எண்ணற்ற கல்லூரிகள் உள்ள கலிஃபோர்னியாவுக்கு அது பொருந்தாது என்ற மறுப்பையும் ஏற்கிறேன்.

எனவே தேர்வு இருக்கட்டும். அது மட்டுமே வாசலாக இருக்க வேண்டாம். ஆரிகன் 2024இல் திறந்த வழி எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. நம் ஊரில் சீனியரிடம் ஜூனியராக இருப்பதைப் போல, பட்டதாரி 675 மணி நேரம் ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில் பணியாற்றுகிறார். அவர் எழுதிய சட்ட ஆவணங்களை மதிப்பிடுவது அந்த மேற்பார்வையாளர் அல்ல, மாநிலத் தேர்வுக் குழு. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதத்துக்கு அது ஓரளவு தடை. அப்படியும் ஒரு குறை எஞ்சுகிறது. மேற்பார்வைக்கு ஒருவர் கிடைத்தால்தான் இந்த வழி திறக்கும். வக்கீல் குடும்பத்தில் பிறக்காதவர் யாரைப் போய்க் கேட்பார்? அரசு வழக்கறிஞர் அலுவலகங்களிலும் சட்ட உதவி மையங்களிலும் ஊதியத்தோடு இடங்களை ஒதுக்கும் பொறுப்பை மாநிலமே ஏற்க வேண்டும்.